ஆண்டு மலருக்கு எந்த எழுத்துரு?

உங்கள் பள்ளியில் இந்த ஆண்டு ஆண்டு மலர் வெளியிடப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மலர்க் குழுவில் நீங்களும் ஒருவர். கணினியின் முன் நாலைந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுத்துருப் பட்டியலைத் திறந்ததும் விவாதம் தொடங்கிவிடும். வளைவும் நெளிவுமாக உள்ள ஒன்றைக் காட்டி, "இதுதான் அழகு" என்பார் ஒருவர். "தடிமனாக இருந்தால்தான் எடுப்பாகத் தெரியும்" என்பார் மற்றொருவர். எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்று கவனித்தீர்களா? அட்டையில் வரப்போகும் தலைப்பை வைத்து! ஓர் அங்குல உயரத்தில் நிற்கும் ஒரே ஒரு சொல்லை வைத்து! அந்த அளவில் எந்த எழுத்துருவும் அழகாகத்தான் இருக்கும்.

மலர் கைக்கு வந்ததும் நீங்கள் எந்தப் பக்கத்தை முதலில் புரட்டுவீர்கள்? உங்கள் வகுப்புப் படத்தைத் தேடுவீர்கள். உங்கள் முகம் தெரிகிறதா என்று பார்ப்பீர்கள். அடுத்த கணம் கண் கீழே இறங்கும். அங்கே பொடி எழுத்தில் நாற்பது ஐம்பது பெயர்கள். அவற்றுள் உங்கள் பெயர் எங்கே? சரியாக இருக்கிறதா?

ஆகவே எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அட்டையிலிருந்து தொடங்காதீர்கள். பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நம் கண், காகிதம், மை, கணினி ஆகிய நான்கிலும் காரணங்கள் இருக்கின்றன. அதற்கு முன் ஒரு கல்லைப் பார்த்துவிட்டு வருவோம்.

தருமபுரி மாவட்டம் நடுகற்கள் மிகுந்த பகுதி. தருமபுரி நகரில் உள்ள தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்திற்குச் சென்றால் பல நடுகற்களை ஒரே இடத்தில் காணலாம். ஆநிரையைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் உருவமும் அதனோடு சில வரி எழுத்தும் இருக்கும். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன என்பவைதாம் அந்த வரிகள் சொல்லும் செய்தி. பழைய நடுகற்களில் உள்ளது வட்டெழுத்து. அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் காலத்தது. ஏறத்தாழ 1400 ஆண்டுப் பழமை. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: கோவிவன். ஒரு நாயின் பெயரைப் பதினான்கு நூற்றாண்டுகள் கழித்து நம்மால் படிக்க முடிகிறது. நம் பள்ளி மலரில் உள்ள பெயர்களைப் பத்து ஆண்டுகள் கழித்துப் படிக்க முடியுமா என்பதே நம் கேள்வி.

"ஓலையில் கோடு இழுத்தால் கிழியும், அதனால்தான் நம் எழுத்து வட்டமானது" என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஓலையின் நார் ஓடும் திசையிலேயே எழுத்தாணியை அழுத்தி இழுத்தால் ஓலை பிளக்கத்தான் செய்யும். ஆனால் ட, ப, ம ஆகியவற்றின் அடியில் உள்ள நேர்கோட்டைப் பாருங்கள். ஓலையில் அதையும்தானே எழுதினார்கள்? இன்னொரு சான்று. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த கல்வெட்டு 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கத்து ஜம்பையில் கண்டுபிடிக்கப்பட்டது. அது தமிழ் பிராமி எழுத்து, பெரும்பாலும் நேர்கோடுகள். நடுகல்லில் உள்ளதோ வட்டெழுத்து. இரண்டும் பாறையில்தான் வெட்டப்பட்டன. எனவே எழுதும் பொருள் மட்டும் எழுத்தின் வடிவைத் தீர்மானிப்பதில்லை. எழுதும் கையின் பழக்கத்திற்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் எழுதும் பொருளால் எழுத்துக்கு என்ன கேடு வரும் என்பது வேறு செய்தி. அங்கே பொருள்தான் அரசன். கல்லில் மழை அரிக்கிறது. காகிதத்தில் மை பரவுகிறது.

கண் என்ன செய்கிறது?

படிக்கும்போது நம் கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவிச் செல்கிறது. தாவலுக்குத் தாவல் சுமார் கால் நொடி நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் இது கவனிக்கப்பட்டது. நின்ற இடத்தில் பார்த்ததைக்கொண்டு மூளை மீதியை ஊகித்துக்கொள்கிறது. "மழை பெய்ததால் ஏரி நிரம்பியது" என்ற வாக்கியத்தில் ஏகாரத்தின் கால் சற்று மழுங்கியிருந்தாலும் நீங்கள் "எரி" என்று படிக்கமாட்டீர்கள். மழையும் நிரம்பியதும் அதைத் திருத்திவிடும்.

பெயருக்கு அந்த உதவி கிடையாது. பெயர்ப் பட்டியலில் முன் சொல்லும் பின் சொல்லும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. பென்னாகரம் வட்டத்தில் ஏரியூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தச் சிறு கால் அழிந்தால் அது "எரியூர்" ஆகிவிடும். தருமபுரியை அறியாதவர் அப்படி ஓர் ஊர் இருப்பதாகவே எண்ணிக்கொள்வார்! எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் காட்டும் முறையைச் சீர்ப்படுத்தியவர் என்று வீரமாமுனிவரைப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த வேறுபாடு முழுவதும் இந்த ஒரு சிறு காலில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

தமிழில் இப்படிப்பட்ட இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண. ர என்ற எழுத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு, அடியில் சாயும் ஒரு சிறு வால். கி, கீ இரண்டுக்கும் வேறுபாடு மேலே ஒரு சுழி. க, க் இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு புள்ளி. இந்தப் புள்ளியைப் பழைய ஓலைகளில் பெரும்பாலும் இடாமலே விட்டார்கள். படிப்பவர் தாமே போட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சி பெற்ற புலவர்களுக்கு அது சரி. மலரைப் புரட்டும் பாட்டிக்குச் சரிப்படுமா?

இப்போது ஒரு கணக்கு. நல்ல பார்வை உள்ளவரின் கண், கோண அளவில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். புத்தகத்தைச் சுமார் 35 செ.மீ. தொலைவில் பிடிக்கிறோம். அந்தத் தொலைவில் இந்தக் கோணம் 0.1 மி.மீ. ஆகிறது. அச்சில் எழுத்தின் அளவைப் பாயின்ட் என்பார்கள். ஓர் அங்குலத்தை 72ஆகப் பகுத்தால் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.35 மி.மீ. பத்துப் பாயின்ட் எழுத்தில் மெய்யின் புள்ளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். படத்தின் கீழே பெயர்களை ஆறு பாயின்டில் அடைத்தால்? புள்ளி இன்னும் சிறுக்கும். புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள வெற்றிடம் 0.1 மி.மீ.க்கு அருகே வந்துவிடும். கண்ணின் எல்லை அது.

மை பரவினால்

கண்ணின் எல்லை ஒருபுறம் இருக்க, காகிதமும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. மை காகிதத்தில் விழுந்ததும் விழுந்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. இழைகளின் வழியே சற்றுப் பரவுகிறது. மலிவான, வழவழப்பில்லாத காகிதத்தில் அதிகம். பளபளப்பான காகிதத்தில் குறைவு. பரவும் மை முதலில் எதை நிரப்பும்? சுழியின் உள்ளே இருக்கும் சிறு வெற்றிடத்தை. ண, ஞ, ஐ, ஜ, இ ஆகியவை அடைபட்டுக் கரும்பொட்டாகின்றன. தடித்த எழுத்துருவில் அந்த வெற்றிடம் முதலிலேயே சிறிது. ஆகவே, எடுப்பாகத் தெரியும் என்று நினைத்துப் பெயர்களைத் தடித்த எழுத்தில் போடுவது பல நேரங்களில் எதிரான பலனையே தருகிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் போடும் ஆசையும் பலருக்கு உண்டு. அங்கே மை வெளியிலிருந்து உள்ளே பரவி எழுத்தையே மெலிய வைத்துவிடும். புள்ளிகள் முதலில் காணாமல் போகும்.

இந்தச் சிக்கலை அமெரிக்காவில் ஒருவர் நேருக்கு நேர் எதிர்கொண்டார். அங்கே தொலைபேசி விவரத் தொகுப்பு என்பது பெயர்களும் எண்களும் மட்டுமே நிறைந்த தடித்த நூல். மட்டமான காகிதம், மிகச் சிறிய எழுத்து, அதிவேக அச்சு. ஒரு எண் அடைபட்டால் தவறான வீட்டில் மணி அடிக்கும். அதற்கென்றே மாத்யூ கார்ட்டர் என்பவர் பெல் சென்டெனியல் என்ற எழுத்துருவை வரைந்தார்; 1978இல் அது வெளிவந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். கோடுகள் சந்திக்கும் மூலைகளில் எலி கடித்ததுபோல் சிறு வெட்டுகள்! பரவும் மை போய்த் தங்குவதற்கு முன்கூட்டியே விட்ட பள்ளங்கள் அவை. அச்சான பிறகு பள்ளம் நிரம்பி எழுத்து சரியான வடிவத்துக்கு வந்துவிடும். திரையில் அழகற்றதாகத் தெரிந்த எழுத்து காகிதத்தில் தெளிவாகிறது. எழுத்துருவைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எழுத்தின் அளவுக்கும் காகிதத்துக்கும் உள்ள இழுபறி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. பிறகு, தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்தபோது ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை மிகவும் பெரியவை. அவற்றைக்கொண்டு முழு நூலை அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. எனவே பக்கத்திலுள்ள பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. உங்கள் மலர்க் குழுவும் பக்க எண்ணிக்கையைப் பார்த்து இதே சங்கடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். பக்கத்தைக் குறைக்க வேண்டுமானால் வாழ்த்துரைகளைக் குறையுங்கள். பெயர்களின் அளவைக் குறைக்காதீர்கள்.

ஈய அச்சுக் காலத்தில் தமிழ் அச்சுக் கோப்பவரின் பெட்டியில் எத்தனை அறைகள் தேவைப்பட்டிருக்கும்? உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை 18, புள்ளி வைத்த மெய் 18, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் நான்குக்கும் சேர்த்து 72. மொத்தம் 121. துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு நான்கையும் கூட்டினால் 125. கிரந்த எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் தனி. 1978க்கு முன் இன்னும் ஏழு அதிகம். ணா, றா, னா மூன்றும் தனி வடிவம். லை, ளை, ணை, னை நான்கும் தும்பிக்கை போல் வளைந்த தனி வடிவம். பெரியார் 1935இலேயே குடி அரசு இதழில் எளிய வடிவங்களைக் கையாளத் தொடங்கினார். 1978இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டுப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. உங்கள் பள்ளி நூலகத்தில் அதற்கு முந்திய மலர் ஏதாவது கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். பழைய ணை, னை இருக்கும். அந்தக் காலத்துப் பக்கம் ஒன்றை இன்றைய மலரில் மறுபடியும் போடுவதானால் படமாகவே போடுங்கள். பழைய வடிவத்தைப் பார்த்திராத மாணவர் தட்டச்சு செய்தால் பெயர்கள் தடுமாறும்.

நீங்களே செய்யும் சோதனை

உங்களுக்குப் பிடித்த மூன்று எழுத்துருக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்தவை என்றேன், அழகுக்கு நான் எதிரியல்லன். நோட்டோ, காட்டமரான், முக்தா மலர், மீரா இனிமை போன்ற பல எழுத்துருக்கள் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமத்தோடு கிடைக்கின்றன. (காட்டமரான் வேறொன்றுமில்லை, நம் கட்டுமரம்தான் ஆங்கிலம் போய்த் திரும்பி வந்திருக்கிறது!) விலைக்கு விற்கும் எழுத்துருவைத் திருட்டுத்தனமாக இறக்கிப் பயன்படுத்த வேண்டிய தேவை நமக்கு இல்லை.

சோதனைக்கு உரிய சொற்கள் நம் மாவட்டத்திலேயே கிடைக்கின்றன. ஏரியூர், ஒகேனக்கல், காரிமங்கலம், பெரும்பாலை, மொரப்பூர். எல்லாவற்றிலும் கடினமானது பாப்பிரெட்டிப்பட்டி. நான்கு புள்ளி, மூன்று இகரச் சுழி, ஒரு கொம்பு, ஒரு துணைக்கால் எல்லாம் ஒரே பெயரில்! இவற்றோடு ஹரிஷ், ஃபாத்திமா, ஜெயஸ்ரீ, கௌரி, மாதேஷ், கண்ணன் என்ற பெயர்களையும் சேருங்கள். கிரந்த எழுத்தும் ஆய்தமும் ஔகாரமும் வந்துவிடும். சில எழுத்துருக்களில் இவை மட்டும் வேறு யாரோ வரைந்தவைபோல் ஒட்டாமல் நிற்கும்.

மூன்றையும் ஒரே பாயின்ட் அளவில் அச்சிட்டு ஒப்பிட்டால் போதாது. பாயின்ட் என்பது அக்காலத்து ஈயக் கட்டையின் உயரத்தைக் குறித்த அளவு. கட்டையின் மீதுள்ள எழுத்தின் உயரத்தை அன்று. ஒரே பத்துப் பாயின்டில் ஒரு எழுத்துருவின் 'ப' பெரியதாகவும் மற்றொன்றின் 'ப' சிறியதாகவும் இருக்கும். ஆகவே அளவுகோலை வைத்து 'ப'வின் உயரத்தை அளந்து மூன்றையும் சமமாக்குங்கள். பிறகு, மலர் எந்தக் காகிதத்தில் அச்சாகப் போகிறதோ அதே காகிதத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மலர்க் குழுவில் இல்லாத ஒரு நண்பரை மூன்று மீட்டர் தள்ளி நிறுத்தி, மெல்ல முன்னே வரச் சொல்லுங்கள். பெயர்களைப் பிழையின்றி எந்தத் தொலைவில் படிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதிகத் தொலைவிலிருந்து படிக்க முடிந்த எழுத்துருவே தெளிவானது. ஒருமுறை படித்த பெயர் மனத்தில் நின்றுவிடும். எனவே ஒவ்வொரு எழுத்துருவுக்கும் பெயர்களின் வரிசையை மாற்றுங்கள், சில பெயர்களையும் மாற்றுங்கள். ஐந்தாறு பேரைக்கொண்டாவது செய்து சராசரி எடுங்கள். கண்ணாடி அணிந்த ஆசிரியர் ஒருவரையும் அழைத்தால் நல்லது. படிக்கப் போகிறவர்களில் அவர்களும் உண்டு.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 'கூ', 'பூ' ஆகியவற்றின் கால் கீழே இறங்கும்; 'ஞீ', 'வீ' ஆகியவற்றின் சுழி மேலே ஏறும். வரிகளை நெருக்கி வைத்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் புள்ளியும் மோதிக்கொள்ளும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. பத்துப் பாயின்ட் எழுத்துக்குப் பதினான்கு, பதினைந்து பாயின்டுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டால் என் கண்ணுக்கு நிம்மதியாக இருக்கிறது.

சோதனையில் வென்ற எழுத்துருவைப் பெயர்களுக்கும் கட்டுரைகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்புகளுக்கு வேறொன்றை, எவ்வளவு அலங்காரமாக வேண்டுமானாலும், எடுத்துக்கொள்ளலாம். இரண்டு போதும். பக்கத்துக்குப் பக்கம் ஒன்று மாறினால் மலர், விளம்பரத் தட்டிகள் நிறைந்த பேருந்து நிலையம் போலாகிவிடும்.

கணினிக்குள் இருக்கும் பெயர்

காகிதத்தில் தெளிவாகத் தெரிவதோடு வேலை முடியவில்லை. 1990களில் தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர்கள், கணினியில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின்மீதே தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தார்கள். ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி வரிசையை அமைத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தாம் தெரியும். யூனிகோடு எனப்படும் ஒருங்குறி இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி உண்டு. இதில் 'க' என்பதற்கு எந்த எழுத்துருவிலும் ஒரே எண்தான்.

உங்கள் எழுத்துரு எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது. தட்டச்சு செய்த ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வேறோர் ஒருங்குறித் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றுங்கள். தமிழாகவே நின்றால் ஒருங்குறி. பொருளற்ற ஆங்கிலமாக மாறினால் பழைய வகை. பழைய வகையில் செய்த மலரிலும் பெயர்கள் காகிதத்தில் சரியாகவே தெரியும். ஆனால் கணினிக்கு அவை பெயர்களே அல்ல. சில ஆண்டுகள் கழித்து நீங்கள் அந்தக் கோப்பில் உங்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது.

ஒருங்குறியிலும் ஒரு கண்ணி உண்டு. 'கொ' என்பதைக் கணினி முதலில் க, பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில் நினைவில் வைக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னாலும் துணைக்காலைப் பின்னாலும் பிரித்து வைக்க வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தனியே இயக்கினால்தான் இது நடக்கும். இயக்காவிட்டால் கொம்பு இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும்; கோகிலாவும் கௌரியும் அடையாளம் தெரியாமல் போவார்கள். எனவே கடைசி நிமிடத்தில் அச்சகத்தின் கணினியில் கோப்பைத் திறந்து காட்டச் சொல்லி, கொம்புள்ள பெயர்களை முதலில் பாருங்கள்.

அச்சுக்குப் போகுமுன் பெயர்ப் பக்கங்களை மட்டும் உண்மையான அளவில் ஒரு படி எடுத்து ஒவ்வொரு வகுப்புக்கும் அனுப்புங்கள். ஒவ்வொருவரும் தம் பெயரைத் தாமே பார்த்து, பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போடட்டும். திருத்திய பட்டியலை ஒருங்குறியில், எந்த அலங்காரமும் இல்லாத எளிய உரைக் கோப்பாகச் சேமித்து, பள்ளி நூலகத்தில் ஒரு படி கொடுத்து வையுங்கள்.